மாடியில் சொன்ன சம்மதம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நிக்காஹ் நடந்தபோது சபையில் இருந்தவர்கள் இவர்கள்: பெண்ணின் தகப்பனார் அப்துல் ஜப்பார். மாப்பிள்ளை உமைர். உமைரின் தகப்பனார் ஹபீப் முகமது. நிக்காஹ் ஓதிய இமாம். ஜமாத்தின் தலைவரான முத்தவல்லி. சாட்சிகளாக ஜப்பாரின் மைத்துனர் ஷம்சுதீனும் உமைரின் பெரியப்பாவும். வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஜப்பாரின் மகன் ஜுனைத். முன்வரிசை நாற்காலியில், கஞ்சி போட்ட வேட்டியோடு, ஜப்பாரின் சினேகிதரான ரிஷிவந்தியத்து விவசாயி கொளஞ்சியப்பன். அவருக்குப் பின்னால் ஜமாத்தாரும் கடைவீதி வியாபாரிகளுமாக நூறு பேருக்கு மேல்.

மணப்பெண் நௌஷீன் சபையில் இல்லை. இருப்பது வழக்கமுமில்லை.

இரண்டு வருஷம் கழித்து கனடாக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

அப்துல் ஜப்பாருக்குத் துருகம் ரோட்டிலேயே கடை. போர்வெல் மோட்டார், பைப், வால்வு. சுற்றுவட்டாரத்தில் கிணறு வைத்திருக்கிற யாரும் அந்தக் கடைப் படியை ஒரு முறையாவது மிதித்திருப்பார்கள். ஒரு விலை சொன்னால் அதற்குப் பிறகு பேரம் கிடையாது. சட்டையின் மேல் பொத்தானை வெயில் காலத்திலும் கழற்றமாட்டார். சொன்ன சொல்லை மாற்றினார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு மற்ற எதையும்விடக் கவனம் அதிகம்.

நௌஷீன் பார்மசி படித்துவிட்டு மேற்படிப்புக்குக் கனடா போனவள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்து, நிரந்தரமாகத் தங்குகிற அனுமதியும் வாங்கிவிட்டாள். உமைர் தோஹாவில் ஏசி கம்பெனியில் இன்ஜினியர். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் ஊரில் சில வாரம் இருந்தார்கள். பிறகு அவள் கனடாவுக்கு, அவன் தோஹாவுக்கு. ஃபரீன் பிறந்தது கனடாவில். தகப்பன் மகளைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

புருஷனைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள நௌஷீன் ஸ்பான்சர் செய்து மனுப்போட்டாள். இந்தச் செய்தி கடைவீதிக்கு வர நாளாகவில்லை.

"இன்னா பாய், நம்ம ஊர்ல மாப்பிள்ளதான் பொண்டாட்டிய இட்டுகினு போவான். உங்க வூட்ல பொண்ணு மாப்பிள்ளைய இட்டுகினு போவுதாமே?" என்றார் எதிர்க்கடை பழனி.

"அவ கூப்புடற எடத்துல இருக்கா, கூப்புடறா. உனக்கு எந்த பைப் வேணும், அத சொல்லு," என்றார் ஜப்பார்.

மனுவோடு, கல்யாணம் எப்படி நடந்தது என்று பெரியவர்கள் யாராவது ஒரு கடிதம் தந்தால் நல்லது என்று நௌஷீன் கேட்டிருந்தாள். ஜப்பாருக்கு அது மரியாதையான காரியமாகத் தோன்றியது. கடையின் லெட்டர்பேடில், தமிழில், தானே வாசகம் சொன்னார். ஜுனைத் அதை ஆங்கிலமாக்கி டைப் செய்தான். அதில் ஜப்பாருக்கு ரொம்பப் பிடித்த வரிகள் இவை: "எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஆண்கள் சபைக்கு வருவதில்லை. நிக்காஹ் நடந்த இடத்தில் என் மகள் இல்லை. அவளுக்குப் பதிலாக, அவள் சார்பில், நான் இருந்தேன்."

"அத்தா, இந்த வரி வேணுமா?" என்று ஜுனைத் அப்போதே கேட்டான்.

"அதான்டா முக்கியம். நம்ம குடும்பம் எப்படிப்பட்டதுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார்.

கனடா குடியேற்ற அலுவலகத்திலிருந்து பதில் வந்த அன்று ஜுனைத் கடையிலேயே அதைப் படித்துச் சொன்னான்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு பேருமே கல்யாணத்துல நேர்ல இருந்திருக்கணுமாம் அத்தா. ஒருத்தருக்கு பதிலா இன்னொருத்தர் நின்னு பண்ற கல்யாணத்த அவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். பொண்ணு அந்த எடத்துலயே இல்லன்னு நீங்களே எழுதி குடுத்துக்கிறீங்க. இதுக்கு விளக்கம் குடு, இல்லன்னா மனுவ தள்ளிடுவோம்னு எழுதிக்கிறாங்க."

"சபையில இல்லதான?"

"மாடியில இருந்தா அத்தா."

"மாடி வேற, சபை வேற."

"கனடாக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா கேக்கட்டும்."

"கேட்டுத்தான் எழுதிக்கிறான்."

ஜப்பார் எழுந்தார். வாங்க வந்தவருக்கு வால்வு எடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

கனடாவில் நௌஷீன் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அந்த அம்மா இரண்டு வழி சொன்னார். கல்யாணத்தன்று பெண் அங்கே இருந்ததற்கு போட்டோவோ வீடியோவோ இருந்தால் அனுப்பலாம். அது இல்லையென்றால், இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து மறுபடியும் கல்யாணம் செய்து, அதை வைத்துப் புதிதாக மனுப்போடுவது சுலபம்.

போட்டோ இல்லை. மாடிக்குக் கேமரா ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டதே ஜப்பார்தான். மாடிப்படி அடியில் ஒரு துணிப்பையை வைத்துப் பெண்களின் போன்களையெல்லாம் அதில் வாங்கிப் போடச் செய்ததும் அவர்தான். அன்று அந்த ஏற்பாட்டை ஜமாத்தார் மெச்சினார்கள்.

மறுபடியும் நிக்காஹ் என்ற பேச்சை எடுத்ததுமே அவர் எழுந்துவிட்டார்.

"புள்ள பொறந்தப்புறம் அதோட ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் கல்யாணமா? ஊர்ல இன்னா பேசுவான்? ஒண்ணு, மொத கல்யாணம் செல்லலன்னுவான். இல்லன்னா நடுவுல தலாக் ஆயிட்டு சேத்து வெச்சாங்கன்னுவான். ரெண்டுல எதச் சொன்னாலும் ஃபரீன் தலையிலதான் வந்து விழும். நாளைக்கு அவள எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"ரெண்டு வயசு ஆகல, அதுக்குள்ள அவளுக்கு மாப்பிள்ள பாக்கறாரு," என்றார் மனைவி ஷர்புன்னிசா. "ஏங்க, பெத்த புள்ளைய மருமவன் இன்னும் தொட்டுப் பாக்கல. பச்ச புள்ளைய வெச்சிகினு வேலைக்கும் போய்க்கினு ஒத்தையா அல்லாடறா உங்க பொண்ணு. பேசறவன் வந்து கூடமாட இருக்கப் போறானா? உங்க மானத்த மடிச்சு பீரோல வெய்யுங்க. கொஞ்ச நாள் கழிச்சு எடுத்து உடுத்திக்கலாம்."

நாற்பது வருஷ வாழ்க்கையில் ஷர்புன்னிசா அப்படிப் பேசியது அபூர்வம். ஜப்பார் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சரி என்றார். ஊரில் நடக்கக் கூடாது. உள்ளூர் இமாமும் வேண்டாம், ஜமாத்துக்குத் தெரியவும் வேண்டாம்.

இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் கொளஞ்சியப்பன். கல்வராயன் மலையில், கரியாலூரில், அவருக்குத் தெரிந்த காசிநாதன் என்பவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். சனி, ஞாயிறு தவிர அங்கே ஆள் இருக்காது.

"கொழந்தைக்கு ஃபால்ஸ் காட்டப் போறோம்னு சொல்லு பாய். எவன் கேக்கப் போறான்? நானும் அம்சவள்ளியும்கூட வரோம். குடும்பத்தோட டூரு போற மாதிரி இருக்கும்."

நௌஷீன் குழந்தையோடு வந்து இறங்கினாள். உமைர் தோஹாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்தான். ஃபரீன் அவனைக் கண்டு முதலில் வீறிட்டாள். பிறகு போனில் கேட்ட குரல் இதுதான் என்று பிடிபட்டதோ என்னவோ, அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சமாதானமானாள். ஜப்பாரின் பழைய சினேகிதர், வேலூர்ப் பக்கத்து மதரஸாவில் ஓதிக் கொடுக்கிற ஹஜரத் ஒருவர், அவர் அழைப்புக்காக வந்து சேர்ந்தார். எல்லோரும் ஒரு வேனில் மலை ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஃபரீன் கொளஞ்சியப்பனின் மனைவி அம்சவள்ளியின் புடவையில் கக்கினாள்.

"கக்கட்டும் உடு. கனடா பாலு, சும்மாவா?" என்றாள் அம்சவள்ளி.

போகிற வழியில் ஹஜரத் ஜப்பாரிடம் மெதுவாகச் சொன்னார். "இதப் பாருங்க. ஒரு தடவ நிறைவேறின நிக்காஹ் நிறைவேறினதுதான். அதே ஜோடிக்கு மறுபடியும் ஓதறதுல குத்தம் இல்ல. ஆனா மார்க்கத்துக்காக இது தேவையும் இல்ல."

"தேவை கனடாவுக்கு," என்றார் ஜப்பார்.

காசிநாதனின் வீட்டு முன்னறையில் பாய் விரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் கொல்லை. பத்து மணிக்கும் குளிர் விடவில்லை. ஜப்பார் ரோஜா மாலை இரண்டும், தட்டில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் கொண்டுவந்திருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவருக்கு ஆகாது. நௌஷீனும் உமைரும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜுனைத் எதிரே நின்று போனில் வீடியோ எடுக்கத் தயாரானான். காசிநாதன் டீத் தட்டோடு உள்ளே வந்து, தலைப்பாகைக்காரரையும் மாலையையும் பார்த்துவிட்டு, டீயை வைத்துவிட்டு வெளியே போனார்.

ஹஜரத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மகளே, ஹபீப் முகமது அவர்களின் மகன் உமைரை, பேசி முடித்த மஹருக்கு, உனக்கு நிக்காஹ் செய்து வைக்கச் சம்மதமா?"

நௌஷீன் பேசவில்லை.

"வெக்கப்படறா," என்றார் ஷர்புன்னிசா.

"வெக்கம் இல்லம்மா," என்றாள் நௌஷீன். ஜுனைத்தைப் பார்த்து, "அத நிறுத்துடா," என்றாள். அவன் போனை இறக்கினான்.

"அத்தா, அன்னிக்கு நீங்க மாடி ஏறி வந்து என்ன கேட்டீங்க. ஷம்சு மாமாவும் அவங்க பெரியப்பாவும் உங்க பின்னால நின்னாங்க. மூணு வாட்டி கேட்டீங்க. மூணு வாட்டியும் வாயத் தெறந்து சம்மதம்னு சொன்னேன். தஃப்தர்ல கையெழுத்தும் போட்டேன். நீங்க எழுதின லெட்டர்ல அது எங்க?"

தஃப்தர் என்பது ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம். அதில் அவள் கையெழுத்து இருந்தது. ஆனால் மண்டபத்தில் இருந்துகொண்டு போட்டாளா, வீட்டிலிருந்து போட்டு அனுப்பினாளா என்று அந்தப் புத்தகம் சொல்லாது. அதைச் சொல்லியிருக்க வேண்டியது ஜப்பாரின் கடிதம்.

"அதெல்லாம் ஒரு வெளியாளுக்கு எழுதற விஷயமா?" என்றார் ஜப்பார்.

"எனக்கு பதிலா நீங்க இருந்தீங்கன்னு எழுதலாம், நான் சொன்னத எழுதக் கூடாதா? இப்ப இங்க குந்திகினு நான் மறுபடியும் சம்மதம்னு சொன்னா, அன்னிக்கு சொன்னது இல்லன்னு நானே ஒத்துக்கற மாதிரி. அப்ப இந்த ரெண்டு வருஷமா நான் இவருக்கு யாரு? ஃபரீன் யாரு?"

"மெதுவா பேசு. வெளிய ஆள் இருக்காரு."

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க, மெதுவான்னு. அத்தா, ஊருக்கு பயந்து நீங்க மலைக்கு கூட்டினு வந்தீங்க. நானும் தலையாட்டிட்டு ப்ளைட் ஏறி வந்துட்டேன். ஆனா இங்க வந்து குந்தினப்புறம் வாய் வரல. நீங்க ஒரு வெல சொன்னா மாத்தறீங்களா? நான் மட்டும் சொன்ன சொல்ல ஏன் மாத்தணும்?"

ஃபரீன் தட்டிலிருந்த கற்கண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜப்பார் மருமகனைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற? இத உட்டா, மனு தள்ளுபடி ஆனாலும் ஆவும்."

உமைர் குழந்தையின் கையைத் தட்டிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு லீவு இன்னும் ஒரு வாரம்தான். "எனக்கு இவங்ககூட போய் இருக்கணும் மாமா. வேற ஆசை இல்ல. ஆனா அவ சொல்றது நியாயம். நானும் அன்னிக்கு நூறு பேர் முன்னால கபூல்னு சொன்னவன்தான். லேட்டானா ஆவட்டும், இன்னும் கொஞ்ச நாள் தோஹாவுல இருந்துக்கறேன்."

அப்போது சுவரோரமாக உட்கார்ந்திருந்த அம்சவள்ளி வாயைத் திறந்தாள். "பாய், நான் ஒண்ணு சொல்லட்டா? நான் அன்னிக்கு மாடியில பொண்ணு பக்கத்துலதான குந்திகினு இருந்தேன். மொத வாட்டி மெதுவாதான் சொல்லுச்சு. ரெண்டாவது வாட்டி உங்களுக்கு சரியா கேக்கல. மூணாவது வாட்டி சொல்லுச்சு பாருங்க, கீழ பந்தியில பிரியாணி வெச்சிகினு இருந்தவன் அண்ணாந்து பாத்திருப்பான். நாங்க எல்லாம் சிரிச்சிட்டோம். உங்க மூஞ்சி செவந்து போச்சு."

"அடச்சீ, சும்மா இரு," என்றார் கொளஞ்சியப்பன்.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? நடந்ததத்தான சொல்றேன்?"

நடந்ததுதான். ஜப்பாருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மணப்பெண் தலை குனிந்து முனகுவதும், சுற்றியுள்ள பெண்கள் 'சொல்லிட்டா, சொல்லிட்டா' என்பதும்தான் அவர் பார்த்த வழக்கம். தன் மகள் ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல் சொன்னாளே என்று கூசிப்போய், படியிறங்கும்போது ஷம்சுதீனிடம், இதை யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொன்னார். கடிதத்தில் மாடியைப் பற்றி ஒரு வரியும் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹஜரத் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "ஜப்பார் பாய், எனக்கு இங்க வேல இல்ல. சாப்பாடு எத்தன மணிக்கு?"

ஜப்பார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மரவள்ளிக் கொல்லையில் யாரோ ஒருத்தி களை கொத்திக்கொண்டிருந்தாள். அவர் திரும்பியபோது அம்சவள்ளியைத்தான் பார்த்தார்.

"அம்மா, இப்ப நீ சொன்னியே, இத எழுதி கையெழுத்து போட்டுக் குடுப்பியா?"

"எங்க போட்ணும்?"

"வக்கீல்கிட்ட. அந்த மூஞ்சி செவந்தது மட்டும் வேணாம்." பிறகு மனைவியிடம், "மாடியில வேற யார் யார் இருந்தாங்க?" என்றார்.

அதை அவர் கேட்டது அதுவே முதல் தடவை. ஷர்புன்னிசா சொன்னார்: உமைரின் தாய். ஷம்சுதீனின் மனைவி. அம்சவள்ளியின் மகள் இலக்கியா. நௌஷீனுக்கு ஜடை அலங்காரம் செய்த கலையரசி, அவள்தான் கையெழுத்துப் போடும்போது பேனா கொடுத்தவள். ஜுனைத் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான்.

மாலைகளைப் பிரிக்காமல் வேனில் வைத்தார்கள். சாப்பிட்டார்கள். குழந்தைக்கு ஃபால்ஸ் காட்டப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்ததால், சொன்னது பொய்யாகக் கூடாது என்று ஜப்பார் எல்லோரையும் அருவிக்கும் அழைத்துப் போனார். தண்ணீர் கொஞ்சமாகத்தான் விழுந்தது.

அந்த வாரமே கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் உள்ள வக்கீல் தீனதயாளனின் ஆபீசுக்கு அம்சவள்ளியோடு சேர்த்துப் பெண்கள் ஐந்து பேரும் போனார்கள். ஜப்பாரும் கூடவே உள்ளே நுழைந்தார். தீனதயாளன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பாய், நீங்க வெளிய இருங்க. நீங்க எதிர்ல நின்னா யார் பேசுவாங்க?"

ஜப்பார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவதும், நடுவே சிரிப்பும் கேட்டன. வக்கீலின் குமாஸ்தா கதவைத் திறந்து, "ஒவ்வொருத்தர் போட்டோவும் ஒட்டணும், பரவால்லீங்களா?" என்றான்.

ஜப்பார் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவங்கள கேளு. அவங்க சரின்னா ஒட்டு."

எல்லோரும் சரி என்றார்கள். உமைரின் தாய் மட்டும், இந்தப் போட்டோவில் வயசாகத் தெரிகிறது, வேறு எடுத்து வருகிறேன் என்று அரைமணி நேரம் தாமதம் செய்தார். பெண்ணிடம் நேரில் சம்மதம் கேட்ட பிறகே தஃப்தர் தன் கைக்கு வந்தது என்று உள்ளூர் இமாம் எழுதிக் கொடுத்தார். ஷம்சுதீனும் உமைரின் பெரியப்பாவும் அன்று மாடியில் தாங்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஜப்பாரின் இரண்டாவது கடிதம். மறுபடியும் அவர் சொல்ல, ஜுனைத் டைப் செய்தான்.

"மொத லெட்டர்ல தப்பா எழுதிட்டேன்னு ஆரம்பிக்கட்டுமா அத்தா?"

"தப்புன்னு போடாத. முழு விவரம் இல்லன்னு போடு."

அப்படியே போட்டான். அதற்கு அடுத்து இப்படி இருந்தது: "என் மகள் நௌஷீன் அதே மண்டபத்தின் மாடியில் இருந்தாள். நான் சாட்சிகளோடு போய் அவளிடம் மூன்று முறை கேட்டேன். அவள் மூன்று முறையும், எல்லோருக்கும் கேட்கும்படி, சம்மதம் என்று சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் நான் கீழே இறங்கி வந்தேன். அவள் சொல்லியிருக்காவிட்டால் நிக்காஹ் நடந்திருக்காது."

கடைசி வரியை அவர் கேட்டுப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்," என்றார்.

உமைர் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பினான். நௌஷீன் குழந்தையோடு கனடா போனாள். கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பல மாதம் ஒரு தகவலும் இல்லை. எதிர்க்கடை பழனி ஒன்றிரண்டு தடவை விசாரித்துப் பார்த்து அலுத்துவிட்டார். ஷர்புன்னிசா மட்டும் தினமும் கேட்டார். "வரும்," என்பார் ஜப்பார். உள்ளுக்குள் அவருக்கும் அந்த நிச்சயம் இல்லை. தன் ஒரு கடிதத்தால் மகள் வீடு இரண்டாகவே இருந்துவிடுமோ என்ற எண்ணம் கடையில் ஆளில்லாத நேரங்களில் வரும். அப்போது எழுந்து போய்ப் பைப்புகளை அளவு பார்த்து அடுக்குவார்.

மழைக்காலம் முடிகிற சமயம் உமைரின் பாஸ்போர்ட்டைக் கேட்டு அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. திருமணத்தைப் பற்றி மேலே ஒரு கேள்வியும் இல்லை. விசா குத்தி வந்தது. இப்போது உமைர், நௌஷீன், ஃபரீன் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். உமைருக்கு அங்கே இன்னும் சரியான வேலை அமையவில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். அதையும் பழனி கேட்டார். பெற்ற பிள்ளையைத் தகப்பன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்று ஜப்பார் திருப்பிக் கேட்டார்.

கடைவீதியில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. ஜப்பார் பாய் மகளுக்கு நடுவில் தலாக் ஆகிவிட்டது, வெளியூர் ஹஜரத்தைக் கூட்டிவந்து கரியாலூரில் ரகசியமாக இரண்டாம் நிக்காஹ் செய்து வைத்தார்கள், மாலையையும் பேரீச்சம்பழத் தட்டையும் மலையில் கண்ணால் பார்த்த ஆள் இருக்கிறது என்று சொல்கிறார்கள். மாலையும் தட்டும் இருந்தது உண்மை. மற்றது உண்மையில்லை. தலாக் எதுவும் ஆகவில்லை. நௌஷீனுக்கும் உமைருக்கும் நிக்காஹ் ஒரே ஒரு தடவைதான் நடந்தது, துருகம் ரோட்டு மண்டபத்தில். கரியாலூரில் நடந்தது மதியச் சாப்பாடு.